வாணவேடிக்கையைப் படமெடுக்கப் போகும் மகனுக்கு

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிய திரையில் திறந்து, ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். சிவப்பும் பச்சையுமாக விரிந்திருக்க வேண்டிய வாணங்கள் நடுவில் வெள்ளை வெளேரென்று வெளுத்துப்போய், ஓரங்களில் மட்டும் கொஞ்சம் நிறம் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இதற்குக் கேமராவைக் குறை சொல்ல வேண்டியதில்லை. முடிவெடுக்கும் வேலையை அதனிடமே விட்டுவிட்டதுதான் காரணம். இருட்டைக் கண்டதும் அது ஒளிக்கு எவ்வளவு கூர்மையாக வினையாற்ற வேண்டும் என்பதைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை ஏற்றிவிடும். லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையை அகலத் திறந்துவிடும். அந்த நேரம் பார்த்து ஒரு வாணம் வெடித்தால், அத்தனை ஒளியையும் அதைப் பதிவுசெய்யும் சென்சாரால் தாங்க முடியாது. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறப் பதிவுகளும் நிரம்பி வழிந்தால் எஞ்சுவது வெள்ளை மட்டுமே. அடுத்த வாரம் நீ மறுபடியும் படமெடுக்கப் போவதாகச் சொன்னாய் அல்லவா, அதற்குள் ஒரு விஷயத்தை உன் மனத்தில் பதியவைத்துவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வழக்கமான படத்தில் துளையும், ஒளி உள்ளே வரும்படி ஷட்டர் திறந்திருக்கும் நேரமும் ஒன்றுக்கொன்று ஈடு. ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்டிச் சரிசெய்துகொள்ளலாம். வாணவேடிக்கையில் இந்தக் கணக்கு செல்லாது. வெடித்துச் சிதறும் ஒரு பொறி வானத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது; சென்சாரின் ஒரு புள்ளியின்மேல் அதன் ஒளி நொடியின் சிறு பகுதி மட்டுமே விழுகிறது, உடனே அடுத்த புள்ளிக்கு நகர்ந்துவிடுகிறது. எனவே, ஷட்டர் இரண்டு நொடி திறந்திருந்தாலும் எட்டு நொடி திறந்திருந்தாலும் பொறி படத்தில் வரையும் கோட்டின் பிரகாசம் மாறாது. அதை முடிவுசெய்வது துளையும் ஐஎஸ்ஓவும்தான். அப்படியானால் ஷட்டர் நேரத்துக்கு என்ன வேலை? கோடுகள் எவ்வளவு நீளமாக வர வேண்டும், ஒரே படச் சட்டத்துக்குள் எத்தனை வாணங்கள் விழ வேண்டும், பின்னணி வானமும் கீழே உள்ள கட்டடங்களும் எவ்வளவு தெரிய வேண்டும் என்பவற்றை அது முடிவுசெய்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் மற்றவை எல்லாம் தானாக விளங்கிவிடும்.

ஆகவே ஐஎஸ்ஓவை 100இல் நிறுத்திவிடு. துளையை எஃப் 11இல் வைத்துத் தொடங்கு; இந்த எஃப் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும். முதல் சில படங்களைப் பார்த்துவிட்டு, நிறம் வெளுத்திருந்தால் எஃப் 16க்குப் போ. கோடுகள் மங்கியிருந்தால் எஃப் 8க்கு இறங்கு. எந்த வாணத்துக்கு எந்தத் துளை என்பதை அந்த வாணத்தில் எரியும் பொருளே சொல்லிவிடும். ஸ்ட்ரான்சியம் சேர்மங்கள் சிவப்பையும், பேரியம் சேர்மங்கள் பச்சையையும், சோடியம் மஞ்சளையும் தருகின்றன. நீலத்துக்குச் செம்புச் சேர்மங்கள் வேண்டும். மிகுந்த வெப்பத்தில் அவை சிதைந்துவிடுவதால் ஆழ்ந்த நீலத்தை உண்டாக்குவது வாணம் செய்பவர்களுக்கே கடினம், கிடைக்கும் நீலமும் மங்கலாகத்தான் இருக்கும். அலுமினியம், மக்னீசியம், டைட்டானியம் எரியும் வெள்ளைப் பொறிகளோ கண்ணைக் கூசவைக்கும். கரித்தூள் கனன்று, தலைவிரித்தாற்போல் மெல்ல வழிந்து இறங்கும் பொன்னிற வாணத்துக்கு எஃப் 8 கூடச் சில நேரம் போதாமல் போகும். அந்த வெள்ளைப் பொறிகளுக்கோ எஃப் 16 கூட அகலமான துளைதான். கேமராவின் ஆட்டோ முறையில் விடாமல் உன் கையாலேயே அமைக்கச் சொல்வது இதனால்தான்.

ஷட்டரைப் பல்ப் முறையில் வை. பொத்தானை அழுத்தியிருக்கும்வரை திறந்திருக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். ஆனால் கேமராவில் கை படக் கூடாது. கம்பி ரிமோட் ஒன்றை இணைத்துக்கொள். கண்ணை வியூஃபைண்டரில் வைக்காமல் வானத்தையே பார். தூரத்தில் குழாயிலிருந்து வாணம் கிளம்பும்போது மெல்லிய கீற்று ஒன்று மேலேறுவது தெரியும். அப்போதே ஷட்டரைத் திறந்துவிடு. ஏறுகிறது, உச்சியில் ஒரு கணம் தயங்குகிறது, வெடிக்கிறது, பொறிகள் வெளிப்பக்கமாக விரைந்து, பிறகு வேகம் குறைந்து வளைந்து தாழ்கின்றன, நுனிகள் அணையத் தொடங்குகின்றன. அந்த இடத்தில் மூடு. தண்டும் பூவும் சேர்ந்த முழு வடிவம் அப்போதுதான் கிடைக்கும். பெரும்பாலும் இது 3 முதல் 6 நொடிக்குள் முடிந்துவிடும், ஆனால் நொடியை எண்ணாதே. வாணம் சொல்கிறபடி உன் விரல் நடக்கட்டும். சத்தத்தை நம்பியும் திறக்காதே. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் செல்லும் என்பதால், ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்பவனுக்கு வெடிச்சத்தம் கிட்டத்தட்ட மூன்று நொடி கழித்தே வந்துசேரும்; அதற்குள் பூ உதிர்ந்திருக்கும்.

ஒரே சட்டத்தில் இரண்டு மூன்று வாணங்கள் வேண்டுமானால், கறுப்பு அட்டை ஒன்றை எடுத்துப்போ. பளபளப்பு இல்லாததாக, லென்ஸின் முகப்பைவிடச் சற்றுப் பெரியதாக இருக்கட்டும். ஷட்டரைத் திறந்துவைத்தபடியே, முதல் வாணம் அடங்கியதும் அட்டையை லென்ஸுக்கு முன்னால், அதைத் தொடாமல் பிடி. அடுத்தது ஏறும்போது விலக்கு. நடுவில் உள்ள வெற்று நேரத்தில் புகையும் ஊர் வெளிச்சமும் பதிவாகாமல் இது காக்கிறது. எனக்குப் பிடித்த முறை இதுதான். ஆனால் பேராசை வேண்டாம், மூன்றுக்கு மேல் போனால் பூக்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வெறும் குழப்பமாகிவிடும்.

ஃபோகஸில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். இருட்டு வானத்தில் ஆட்டோஃபோகஸ் பிடிப்புக் கிடைக்காமல் முன்னும் பின்னும் அலையும். அது அடங்குவதற்குள் வாணம் போய்விடும். ஆகவே வேடிக்கை தொடங்குவதற்கு முன்பே, தொலைவில் எரியும் ஒரு விளக்கைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, அந்தப் புள்ளி மிகச் சிறியதாகும்வரை லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பு. பிறகு மேனுவலுக்கு மாற்றி, வளையத்தின்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடு. மிகத் தொலைவைக் காட்டும் முடிவிலிக் குறியை நம்பி வளையத்தைக் கடைசி வரைக்கும் திருப்பிவிடாதே; பல லென்ஸ்கள் அந்தக் குறியையும் தாண்டிச் சுழலும்.

முக்காலி இல்லாமல் இந்த வேலையே இல்லை. நடுத்தண்டை உயர்த்தாதே, ஆட்கள் நடக்கும் பாலத்திலும் மரப்பலகைத் தளத்திலும் ஊன்றாதே, அதிர்வு கோடுகளில் தெரிந்துவிடும். முக்காலியில் வைத்த பிறகு லென்ஸின் அசைவுத் தடுப்பை அணைத்துவிடு. பிளாஷையும் அணை. மெனுவில் நெடுநேரப் பதிவுக்கான நாய்ஸ் குறைப்பு, அதாவது படத்தில் விழும் வேண்டாத புள்ளிகளைக் குறைக்கும் வசதி, என்று ஒன்று இருக்கும். அதைக் கட்டாயம் அணைக்க வேண்டும். அது இயங்கினால், நீ ஐந்து நொடி எடுத்த படத்துக்குப் பின் கேமரா இன்னோர் ஐந்து நொடி இருட்டைப் பதிவுசெய்துகொண்டிருக்கும், நீ கையைப் பிசைந்துகொண்டு நிற்பாய்.

நிற்கும் இடத்தைக் காற்று தீர்மானிக்கட்டும். முதுகுப் பக்கமிருந்து காற்று வீசினால் புகை உன்னைவிட்டு விலகிப் போகும். முகத்துக்கு நேராக வீசினால் கால் மணி நேரத்தில் உன் சட்டம் முழுவதும் சாம்பல் திரையாகிவிடும். பெரிய வாணங்கள் சுமார் 200 மீட்டர் உயரத்தில் வெடிக்கும். அரை கிலோமீட்டர் தள்ளி நின்றால், பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமராவில் 35 மில்லிமீட்டர் லென்ஸை நெடுக்காகத் திருப்பி வைத்தாலே வாணத்துடன் கீழே தண்ணீரோ மரங்களோ கட்டடங்களோ சேர்ந்து அடங்கிவிடும். அந்தக் கீழ்ப்பகுதி எனக்கு முக்கியம். அது இல்லாவிட்டால் வாணம் எவ்வளவு பெரியது என்பதைப் பார்ப்பவர் எதைக்கொண்டு அறிவார்? நெருங்கிப் போவதற்காகத் தடுப்பைத் தாண்டாதே, கண்ணா. எந்தப் படத்துக்காகவும் அதைச் செய்யக் கூடாது.

தொடக்கத்தின் முதல் சில நிமிடங்களை எக்காரணம் கொண்டும் தவறவிடாதே. புகை சேராத வானம் அப்போது மட்டும்தான் கிடைக்கும். இறுதியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொளுத்தும்போது எல்லாரும் ஆரவாரம் செய்வார்கள், ஆனால் படத்துக்கு அது மிகக் கடினமான நேரம். பழைய புகையில் புதிய ஒளி பட்டு எல்லாம் வெளுக்கும். துளையை எஃப் 16க்கோ எஃப் 22க்கோ சுருக்கி, ஷட்டரை ஒரு நொடிக்குள் மூடிப் பார்.

கைபேசியில் எடுப்பதானால் துளையை மாற்ற வழி பெரும்பாலும் இருக்காது. திரையில் விரலை அழுத்தி ஃபோகஸைப் பூட்டி, வெளிச்ச அளவைக் கீழே இறக்கி, எதிலாவது அசையாமல் சாய்த்து வை.

படங்களைக் கேமரா மெருகேற்றாத ரா கோப்பாகவே பதிவுசெய், நிறச் சாயலைச் சரிசெய்யும் வைட் பேலன்ஸைப் பகல் வெளிச்சத்தில் நிறுத்து. குண்டு பல்பு வெளிச்சத்துக்கான டங்ஸ்டன் அமைப்பு வானத்தை அழகிய நீலமாக்கும் என்பது உண்மைதான், ஆனால் பொன்னிறத்தின் சூட்டை அது கொன்றுவிடுகிறது. மாற்று பேட்டரி ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள். அங்கேயே திரையைப் பார்த்துப் படங்களை அழிக்காதே. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்குத் திரை அதிகப் பிரகாசமாகத் தெரிந்து ஏமாற்றும், இருள் முதல் வெளிச்சம் வரையிலான பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தை மட்டும் பார். வீட்டுக்கு வந்ததும் கோப்புகளைத் திருத்தாமல் அப்படியே எனக்கு அனுப்பு. எந்தப் படத்துக்கு எந்தத் துளை என்பது கோப்பிலேயே இருக்கும். தொலைபேசியில் பேசிக்கொண்டே இருவரும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அன்புடன்,
அம்மா