செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: வீட்டு மின்சாரச் சிக்கனம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், செங்கோட்டையின் வெயிலைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் குடும்பத்தினர் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். தெருவிளக்கு, குடிநீர் குறித்த மனுக்களின் நிலை அறிவிப்புப் பலகையில் உள்ளது. சென்ற பொதுக்குழு ஒப்படைத்த மின்சாரச் சிக்கனப் பணியைப் பற்றி மட்டும் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

நம் வீடுகளில் இரண்டு மாதத்திற்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். அட்டையில் எண்ணை எழுதிய பிறகுதான் எவ்வளவு செலவழித்தோம் என்பது தெரிகிறது. அப்போது தெரிந்து பயனில்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய்; 510 யூனிட் ஆகிவிட்டால் 2,124 ரூபாய். 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு உரிய குறைந்த கட்டணம் கைவிட்டுப் போவதால், பத்தே யூனிட்டுக்கு 319 ரூபாய் கூடுகிறது. அந்தப் பத்து யூனிட்டை ஐம்பதாவது நாளில் கவனித்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்று பல வீடுகளில் வருந்தியதைக் கேட்ட பின்னரே, ஞாயிறுதோறும் மீட்டரைப் பார்த்து எண்ணைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பும் வழக்கத்தைத் தொடங்கினோம்.

மீட்டரைப் பார்க்கப் பழகியதில் கிடைத்த பலனுக்கு ஒரு வீட்டைச் சொல்கிறேன். தனியாக வசிக்கும் ஒரு பாட்டியம்மா, "எல்லாத்தையும் அணைச்சாலும் மீட்டர்ல அந்தச் சிவப்பு லைட்டு கண்ணடிக்குதுப்பா" என்று முறையிட்டார். மீட்டர் முகப்பில் 3200 என்று அச்சிட்டிருந்தது. அந்த விளக்கு 3,200 முறை மினுங்கினால் ஒரு யூனிட். கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தபோது 45 நொடிக்கு ஒருமுறை மினுங்கியது. அப்படியென்றால் 25 வாட். ரிமோட்டால் மட்டும் அணைத்திருந்த டிவியும், செட்டாப் பாக்ஸும், மகன் வாங்கிப் பொருத்திய இன்வெர்ட்டரும் சேர்ந்து இழுத்த மின்சாரம் அது. இரண்டு மாதத்தில் 36 யூனிட். இப்போது டிவி, செட்டாப் பாக்ஸ் இரண்டையும் சுவரிலுள்ள சுவிட்சிலேயே அணைத்துவிட்டுத்தான் படுக்கிறார்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எல்லா வீட்டிலும் எண் இறங்கியபோது நாம் மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சி சரியல்ல. சாரல் காலத்தில் நம்மூரில் மின்விசிறியைத் தேடுவார் இல்லை; குறைத்தது குற்றாலத்துக் காற்றே தவிர நாமல்ல. ஆகவே முந்தைய பில்லோடு ஒப்பிடாமல், சென்ற ஆண்டின் அதே இரண்டு மாதத்தோடு மட்டுமே ஒப்பிட வேண்டுமெனச் செயற்குழு முடிவு செய்தது. இப்படிப் பார்த்தபோது உண்மையாகவே குறைத்த வீடுகள் சிலவே. அவற்றில் பெரும்பாலானவை பழைய மின்விசிறியை மாற்றி, குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்ட பிஎல்டிசி மின்விசிறி பொருத்திய வீடுகள். சுமார் 75 வாட் இழுத்த இடத்தில் 30 வாட் போதும். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் ஒரு மின்விசிறியில் மட்டும் இரண்டு மாதத்தில் 32 யூனிட் மிச்சமாகிறது.

செயற்குழுவின் தவறு ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். தெருவின் சராசரியையும் ஒவ்வொரு வீட்டின் எண்ணையும் பெயரோடு குழுவில் வெளியிட்டோம். அதிகம் செலவழித்தவர்கள் வருந்தினார்கள். குறைவாகச் செலவழித்தவர்களோ, "நாமதான் ரொம்பக் கஞ்சமா இருந்துட்டோம்" என்று தளர்ந்தார்கள். 2007-இல் வெளியான கலிபோர்னியா ஆய்வொன்றிலும் இதுவே நடந்ததாக நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் எடுத்துக்காட்டினார்: அக்கம்பக்கத்துச் சராசரியைத் தெரிவித்ததும் குறைவாகச் செலவழித்த வீடுகளில் செலவு ஏறியது, அவர்களுக்கு ஒரு சிரித்த முகப் படத்தைச் சேர்த்து அனுப்பியதும் அந்த ஏற்றம் நின்றது. மேலும், மீட்டர் எண் ஏறாத வாரத்தில் வீட்டில் ஆளில்லை என்பதும் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தப் பட்டியலை நீக்கிவிட்டோம். மனம் நொந்தவர்களிடம் சங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கோருகிறேன். இப்போது அவரவர் எண்ணும், சராசரியும், ஒரு பாராட்டு வரியும் அவரவர் கைப்பேசிக்கு மட்டுமே செல்கின்றன.

ஸ்மார்ட் மீட்டர் வந்தால் நாம் ஞாயிறுதோறும் செய்வதை அது அரை மணிக்கொருமுறை தானே செய்யும். 2023-இல் திருத்தப்பட்ட மத்திய அரசின் மின்நுகர்வோர் உரிமை விதிகள், ஸ்மார்ட் மீட்டரை நாளுக்கு ஒருமுறையாவது தொலைவிலிருந்து படித்து, அந்தத் தரவை நுகர்வோருக்கு வழங்க வேண்டும் என்கின்றன. மீட்டர் வேகமாக ஓடும் என்ற அச்சம் பலருக்கு உள்ளது. 2024-இல் வந்த திருத்தத்தின்படி, அளவில் ஐயம் இருப்பதாகப் புகார் அளித்தால் ஐந்து நாளுக்குள் கூடுதலாக ஒரு மீட்டரைப் பொருத்தி, குறைந்தது மூன்று மாதம் சரிபார்க்க வேண்டும். இதை உறுப்பினர்கள் தவறாமல் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். புளியரையைத் தாண்டினால் நம் உறவினர் பலர் கேரள மின்வாரியத்தின் கீழ் இருக்கிறார்கள். அங்கே அதிகம் செலவழிக்கும் வீடுகளுக்கு மாலை 6 முதல் இரவு 10 வரை கட்டணம் கூடுதல். மோட்டார் போடுவதையும் துணி துவைப்பதையும் அவர்கள் பகலுக்கு மாற்றிக்கொள்கிறார்கள். நேரவாரிக் கட்டணம் இங்கும் வரும் என்று எதிர்பார்த்து நாமும் இப்போதே பழகுவது நல்லது.

கைப்பேசியில் எத்தனை தரவு வந்தாலும், வீட்டில் அதைப் பார்க்க ஒருவர் பொறுப்பேற்காவிட்டால் பில் குறையாது என்பது இந்த ஓராண்டில் நான் நேரில் கண்டது. ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் பொறுப்பை ஒருவருக்கு, இயன்றால் பள்ளி செல்லும் பிள்ளைக்கு, கொடுத்து, அவர் பெயரை ஜூன் முதல் ஞாயிற்றுக்கிழமைக்குள் சங்க அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும் என்ற தீர்மானத்தை, இவ்வறிக்கையோடு பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்