பிணையாக மகன்களை அனுப்பியவர் கோழையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 15-ஆம் நூற்றாண்டில் ஆட்டோமானியத் துருக்கியரை எதிர்த்துப் போரிட்ட அல்பேனிய வீரர் ஸ்கந்தர்பெக் பற்றிய உங்கள் கட்டுரையில், அவருடைய தந்தை ஜோன் கஸ்த்ரியோத்திக்கு ஒரே ஒரு வரி: பயந்துபோய்ப் பெற்ற மகன்களை ஆட்டோமானிய சுல்தானிடம் பிணையாக ஒப்படைத்தவர். இது அநியாயம்.

அவர் ஆண்ட இடத்தைப் பாருங்கள். அல்பேனியக் கடற்கரைப் பக்கத்து நகரங்களான துர்ரெஸ் 1392-லும் லேஷா 1393-லும் ஷ்கோதர் 1396-லும் வெனிஸ் வசமாகிவிட்டன. 1415-இல் க்ரூயா கோட்டையையும் 1417-இல் வ்லோரா துறைமுகத்தையும் ஆட்டோமானியர் பிடித்தார்கள். வடக்கே 1421-இல் ஸேத்தா நாடு (இன்றைய மொண்டெனேக்ரோ பகுதி) செர்பிய ஆட்சியாளர் ஸ்தெஃபான் லஸாரெவிச்சின் கைக்குப் போனது. இவற்றுக்கு நடுவே மாத், திபர் மலைகள்தாம் கஸ்த்ரியோத்தியின் நாடு. கப்பற்படை கிடையாது. சுல்தானுக்குப் பிணை அனுப்ப மறுத்திருந்தால், அடுத்த படையெடுப்பு க்ரூயாவோடு நின்றிருக்காது.

ஆனால் அவர் பிணையை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. 1413-இல் வெனிஸின் குடியுரிமை பெற்றார். 1420 பிப்ரவரியில் ரகூசா (இன்றைய துப்ரோவ்னிக்) வணிகர்களுக்கு ஒரு சாசனம் எழுதிக் கொடுத்தார். லேஷாவை அடுத்த ஷுஃபாதா என்னும் கடற்கரைச் சந்தையிலிருந்து கொசோவோவின் பிரிஸ்ரென் வரை தம் நிலத்தின் வழியே பத்திரமாகப் போய்வரலாம். அதற்குச் சுங்கம் கட்ட வேண்டும். துணி உள்நாட்டுக்குப் போகும், வெள்ளி கடற்கரைக்கு வரும். மலைநாட்டுப் பிரபுவுக்கு விளைச்சலைவிட வழிதான் சொத்து. வழியில் கலகம் மூண்டால் வணிகர் வேறு பாதை தேடுவார்கள், வருமானம் நின்றுவிடும். அதனால்தான் வாளை உறையில் வைத்திருப்பதே அவருக்குப் பல ஆண்டுகள் லாபமாக இருந்தது.

இன்னொரு முன்னேற்பாடு, கிரேக்கத்தில் கிறிஸ்தவத் துறவிகள் வாழும் ஆதோஸ் மலையில். 1426-ஐ ஒட்டி, ரதோஸ்துஷா, த்ரெபிஷ்தே ஆகிய இரு ஊர்களின் வருமானத்தை அங்குள்ள ஹிலாந்தர் மடத்துக்கு எழுதிவைத்தார். பிறகு 60 ஃப்ளோரின் (பொற்காசு) கொடுத்து, மடத்துக்குரிய புனித ஜார்ஜ் கோபுரத்தில் நால்வர் தங்கி உணவு பெறும் உரிமையை வாங்கினார். அதைப் பக்தி என்று மட்டும் படிப்பது போதாது. நாடு போனால் ஒதுங்க ஓர் இடம் அது. மகன் ரெபோஷ் 1431-இல் அங்கேதான் இறந்தார்.

கட்டுரையாளர் அவசியம் பார்த்திருக்க வேண்டியது 1428-ஆம் ஆண்டு. சுல்தானின் படையில் முஸ்லிமாகச் சேவை செய்த மகன் வெனிஸின் ஊர்களைத் தாக்கும்படி ஆணை வந்தால், அந்தக் குற்றத்தைத் தம்மேல் சுமத்த வேண்டாம் என்று கஸ்த்ரியோத்தி வெனிஸிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். பிணை என்பது இருபக்கமும் வெட்டும் என்பதை அவ்வளவு தெளிவாக உணர்ந்திருந்தார்.

இந்தக் கணக்கு தப்பியது 1430-இல். வெனிஸ் வசமிருந்த கிரேக்க நகரம் தெசலோனிக்கி வீழ்ந்ததும் கை ஓய்ந்த ஆட்டோமானியப் படை அவர்மீது திரும்பியது. இரண்டைத் தவிரக் கோட்டைகள் இடிக்கப்பட்டன, அந்த இரண்டில் அவர்களுடைய காவற்படை அமர்ந்தது. எஞ்சிய நிலத்தோடு 1437-இல் இறந்தார்.

மறு ஆண்டு ஆட்டோமானியப் பதிவேட்டில், ஸ்கந்தர்பெக் வசமிருந்த ஒன்பது ஊர்கள் ‘யுவான்-ஈலி’ என்றே குறிக்கப்பட்டிருந்தன. ஜோனின் நாடு என்று பொருள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்