டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால்

அன்புள்ள மலருக்கு,

நீ அனுப்பிய குளியலறை வரைபடமும் டைல்ஸ் படங்களும் வந்தன. நீலமும் வெள்ளையும் சேர்ந்து அழகாக இருக்கிறதம்மா. நிறத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். சம்பந்தியம்மாவும் குட்டிப்பையனும் பத்திரமாகப் புழங்க வேண்டுமென்றால், சுவரும் தரையும் திறந்துகிடக்கும்போதே முடிவு செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. குழாயையும் கண்ணாடியையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். தரையின் வாட்டம் (தண்ணீர் ஓடும் சரிவு), கதவின் அகலம், சுவரின் பலம் ஆகியவற்றை மாற்ற நினைத்தால் உடைக்கத்தான் வேண்டும்.

குளிக்கும் இடத்தைச் சுற்றி ஒரு தடுப்புக்கட்டை போட்டிருக்கிறார்கள். அதை எடுத்துவிடச் சொல். தண்ணீர் வெளியே வராமல் பார்த்துக்கொள்ளத்தான் அந்தக் கட்டை. சரியான வாட்டம் இருந்தால் தரையே அந்த வேலையைச் செய்துவிடும். மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் இறக்கம் போதும். நடுவில் வட்ட வடிகால் வைத்தால் நாலு பக்கத்திலிருந்தும் சரிவு கொடுக்க வேண்டும், டைல்ஸைத் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். உள்சுவர் ஓரமாக நீள வடிகால் வைத்தால் ஒரே சரிவுதான், பார்க்கவும் நன்றாக இருக்கும். சம்பந்தியம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு நேராக உள்ளே போகலாம். குட்டிப்பையன் ஓடி வந்தாலும் காலில் எதுவும் தட்டாது. ஆனால் ஒன்று: நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு குளிக்கும் மூலையோடு நிற்கக்கூடாது. அறை முழுவதும் பூசி, சுவரிலும் ஏற்ற வேண்டும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதே.

தரை டைல்ஸ் பெட்டியில் ஆர்9, ஆர்10 என்று போட்டிருப்பதை வைத்து முடிவு செய்துவிடாதே. அது எண்ணெய் ஊற்றிய சாய்தளத்தில் காலணியோடு நடந்து, எவ்வளவு வழுக்குகிறது என்று பார்த்துக் கொடுக்கிற எண். ஈரத்தில் வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று தனி வகை உண்டு. குளிக்கும் இடத்துக்குக் குறைந்தது பி வகையைக் கேள். சின்ன டைல்ஸ் என்றால் இடுக்குகள் அதிகம், கால் நன்றாகப் பிடிக்கும். தேய்த்துக் கழுவும் வேலையும் அதிகம்தான். உன் இடத்தில் நான் இருந்தால் குளிக்கும் பகுதிக்கு மட்டும் சின்னதைப் போடுவேன்.

கைப்பிடிக் கம்பி வைத்தால் ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடும் என்று எழுதியிருந்தாய். உன் தயக்கம் நியாயமானது. ரொனால்ட் மேஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞருக்கும் இதே கவலை இருந்தது. 9 வயதில் போலியோ வந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர் அவர். எல்லாருக்கும் பொதுவான வடிவமைப்பு என்ற எண்ணத்துக்குப் பெயர் கொடுத்தவரும் அவர்தான். அவரும் சக வல்லுநர்களும் சேர்ந்து 1997-ல் வெளியிட்ட ஏழு கோட்பாடுகளில் முதலாவதே, யாரையும் ஒதுக்கிக் காட்டக்கூடாது, எல்லாருக்கும் பிடித்தமாதிரி இருக்க வேண்டும் என்கிறது.

வழுக்கும்போது கை எட்டியதைத்தான் பிடிக்கும், பெரும்பாலும் துண்டு போடும் கம்பியை. அது ஆள் எடையைத் தாங்காது. அதனால் துண்டுக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் கைப்பிடிக் கம்பியையே மாட்டி, துண்டையும் அதிலேயே போடு. குழாயின் நிறத்திலேயே இப்போது கிடைக்கிறது. தரையிலிருந்து 84 முதல் 91 சென்டிமீட்டர் உயரம். கம்பிக்கும் சுவருக்கும் நடுவே 38 மில்லிமீட்டர்; அதிகம் விட்டால் கை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். அமெரிக்க விதிப்படி சுமார் 113 கிலோ பாரத்தைத் தாங்க வேண்டும். உள்ளே வெற்றிடம் உள்ள கல்லோ பலகைச் சுவரோ என்றால், கம்பி வரும் இடங்களில் இப்போதே கான்கிரீட்டாலோ தடித்த பிளைவுட்டாலோ பலப்படுத்தச் சொல். கமோட் பக்கத்திலும்தான், அங்கே இப்போது கம்பி மாட்டாவிட்டாலும். உறிஞ்சிப் பிடிக்கிற ரப்பர் வைத்த கம்பியை நம்பவே நம்பாதே.

கதவு உள்பக்கம் திறக்கிறது. உள்ளே யாராவது விழுந்து கதவின் மேல் சாய்ந்துகிடந்தால் எப்படித் திறப்பீர்கள்? வெளியே திறக்கட்டும், அல்லது பக்கவாட்டில் நகரட்டும். திறந்த பிறகு 81 சென்டிமீட்டராவது வழி வேண்டும். தாழ்ப்பாள், அவசரத்துக்கு வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக இருக்கட்டும்.

கமோட் சுவரில் தொங்கும் வகையா? அப்படியானால் உட்காரும் உயரம் 43 முதல் 48 சென்டிமீட்டருக்குள் வருமாறு அதைத் தாங்கும் சட்டத்தைச் சுவரில் பொருத்தச் சொல். சின்னவனுக்குக் கால் வைத்து ஏற ஒரு சின்னப் பலகை போதும்.

வெந்நீர் விஷயம் எனக்குப் பெரிய கவலை. 60 டிகிரித் தண்ணீர் சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் இன்னும் சீக்கிரம். ஆனால் வெந்நீர்த் தொட்டியில் கிருமி வளராமலிருக்க அந்தச் சூடு தேவை. ஆகவே தொட்டியின் சூட்டைக் குறைக்காதே, ஷவரில் தெர்மோஸ்டாட் மிக்ஸர் (வெந்நீரையும் தண்ணீரையும் கலந்து சூட்டைச் சீராக வைக்கும் குழாய்) போடு. அதன் திருகு 38 டிகிரியில் தானே நின்றுவிடும், அதற்கு மேல் வேண்டுமென்றால் பொத்தானை அழுத்தித்தான் திருப்ப வேண்டும். அதை நுழையும் பக்கம் வை, நனையாமல் திறக்கலாம். ஏற்றி இறக்கும் கம்பியில் ஹேண்ட் ஷவர் இருந்தால் ஸ்டூலில் உட்கார்ந்தும் குளிக்கலாம்.

இப்போது நிறம். வயதானால் கண்ணின் வில்லை மஞ்சளாகிவிடும், ஒளியும் குறைவாகத்தான் உள்ளே போகும். வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளைக் கமோட் என்றால் எது எங்கே முடிகிறது என்றே தெரியாது. உன் நீலத்தைக் கமோட்டுக்குப் பின்னால் உள்ள சுவரில் வை, அது அடர் நீலமாக இருக்கட்டும். இரண்டு டைல்ஸையும் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, போனில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார். ஒன்றோடொன்று கலந்துவிட்டால் வேறு எடு. தரையில் கறுப்புக் கட்டங்களோ ஓரப் பட்டையோ வேண்டாம். பார்வையோ நினைவோ மங்கியவர்களுக்கு அது பள்ளம் போலத் தெரியும். தரையை ஒட்டிய உயரத்தில், ஆளைக் கண்டால் எரியும் சின்ன விளக்கு ஒன்றும் வேண்டும், அதற்கான வயரையும் இப்போதே இழுத்துவிடச் சொல்.

டைல்ஸ் ஒட்டுவதற்கு முதல் நாள், சுவரில் டேப்பைப் பிடித்துக்கொண்டு குழாய், வயர், பலப்படுத்திய இடம் எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொள். பின்னால் ட்ரில் போடும்போது மாப்பிள்ளைக்குத் தேவைப்படும். எனக்கும் அனுப்பு, நான் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா