பெர்லின் போகும் பிள்ளைகளுக்கு முதலில் வேண்டியது முகவரி

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தியாவிலிருந்து வரும் தொழில்திறன் பெற்றவர்களுக்கான விசா எண்ணிக்கையை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக 2024 அக்டோபரில் ஜெர்மனி அறிவித்தது. அதன் பிறகு மொழித் தேர்வு, விசா, சம்பளம் பற்றி நம் பத்திரிகைகளில் நிறையப் படிக்கிறோம். விமானத்தை விட்டு இறங்கியபின் வரும் முதல் இரண்டு மாதங்களைப் பற்றிப் படிக்கக் கிடைப்பது மிகக் குறைவு. பெர்லினுக்கு வேலைக்கு வரும் நம் இளைஞர்கள் பெரும்பாலும் தடுமாறுவது அங்கேதான். அதற்கு மூல காரணம் முகவரி.

ஜெர்மனியில் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்வது சட்டப்படி கட்டாயம். இதை அன்மெல்டுங் என்கிறார்கள். பெர்லினில் இது பூர்கர்அம்ட் என்ற அலுவலகத்தில் நடக்கும். பாஸ்போர்ட், விசா, பூர்த்தி செய்த படிவம், 'இவர் இந்த வீட்டில் இந்தத் தேதியில் குடிவந்தார்' என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சீட்டு ஆகிய நான்கும் வேண்டும். முதல் மூன்றும் யாரிடமும் இருக்கும். நாலாவதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதாது; அந்தச் சீட்டு தனியாக வேண்டும்.

பதிவு முடிந்தால்தான் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். அதற்கு இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். வரி எண் கிடைக்காமல் இழுத்துக்கொண்டே போனால், நிறுவனம் உங்களை ஆறாம் வரி வகுப்பில் வைத்துப் பிடித்தம் செய்ய நேரிடும். இருப்பதிலேயே அதிகப் பிடித்தம் அந்த வகுப்பில்தான். கூடுதலாகப் போன பணம் பின்னால் வந்துவிடும், உண்மை. ஆனால் வீட்டு அட்வான்ஸ் கட்ட வேண்டிய மாதத்தில் கையில் இருக்காது. வங்கிக் கணக்கு, செல்போன் ஒப்பந்தம், விசா முடிவதற்குள் விண்ணப்பிக்க வேண்டிய குடியிருப்பு அட்டை என்று எங்கு போனாலும் இந்தப் பதிவுச் சான்றைத்தான் கேட்பார்கள்.

பூர்கர்அம்ட்டில் சந்திப்பு நேரம் கிடைப்பது கடினம். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே இணையத்தில் அந்த நேரத்தை முன்பதிவு செய்துவிடுவது நல்லது. பெர்லினில் எந்த வட்டாரத்து அலுவலகத்துக்கும் போகலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தங்கள் பகுதி அலுவலகத்தையே பார்த்துக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். மற்றவர்கள் ரத்து செய்யும் நேரங்கள் அதே தளத்தில் திரும்ப வரும். காலையில் அலுவலகம் திறக்கும் வேளையில் பார்த்தால் அகப்படும்.

படிவத்தில் மதம் என்றொரு கட்டம் இருக்கிறது. நம் கிறிஸ்தவப் பிள்ளைகள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். கத்தோலிக்கர் என்றோ, அங்குள்ள புராட்டஸ்டண்ட் சபையைச் சேர்ந்தவர் என்றோ பதிவானால், கட்டும் வருமான வரியின் மேல் இன்னொரு 9 சதவீதம் தேவாலய வரியாகச் சம்பளத்திலேயே பிடிக்கப்படும். பவேரியா, பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலங்களில் 8 சதவீதம். மனமுவந்து கொடுப்பவர்கள் கொடுக்கட்டும். தெரியாமல் எழுதிவிட்டு, முதல் சம்பளச் சீட்டைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்.

அடுத்தது மிகச் சின்ன விஷயம், ஆனால் அதிகம் பேரை முடக்குவது. பெர்லின் அடுக்குமாடிகளில் நம் ஊர்போல வீட்டுக்கு எண் கிடையாது. தெருப் பெயரும் கட்டட எண்ணும்தான் உண்டு. தபால்காரர் கீழே வரிசையாக இருக்கும் பெட்டிகளில் ஒட்டியுள்ள பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். பெட்டியில் உங்கள் குடும்பப் பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். வரி எண், ஏ.டி.எம். அட்டை, அதன் ரகசிய எண், காப்பீட்டு அட்டை எல்லாம் தபாலில்தான் வருகின்றன. நம்மவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் அப்பா பெயர் இருக்கும்; பெட்டியில் கூப்பிடும் பெயரை ஒட்டியிருப்பார்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி இரண்டு பெயரையும் தெளிவாக எழுதி, குடிபுகுந்த அன்றே பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்ட வேண்டும். உள்வாடகைக்கு இருந்தாலும் இதே கதைதான்.

வீடு தேடும்போது முதல் கேள்வியாக 'பதிவுச் சீட்டு (வீட்டுக்காரர் கையெழுத்திடும் அந்தச் சீட்டு) தருவீர்களா' என்று கேட்க வேண்டும். வாடகை பற்றிப் பிறகு பேசலாம். விளம்பரத்தில் 'ஓனே அன்மெல்டுங்' என்று இருந்தால் அங்கே பதிவு செய்ய முடியாது என்று பொருள். அது இரண்டு வாரம் தலை சாய்க்கத்தான் உதவும். முகவரியை மட்டும் விலைக்குத் தருகிறேன் என்று வருவோரும் உண்டு. குடியிருக்காத இடத்தைக் குடியிருப்பதாகக் காட்ட முகவரி கொடுத்தால் 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அந்தப் பக்கமே போகக் கூடாது. இன்னொரு மோசடியும் ஓயாமல் நடக்கிறது: 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், அட்வான்ஸ் அனுப்புங்கள், சாவி கூரியரில் வரும்' என்று எழுதுவார்கள். வீட்டை நேரில் பார்க்காமல், ஒப்பந்தத்தில் கையெழுத்தாகாமல், ஒரு யூரோகூட அனுப்பக் கூடாது.

அட்வான்ஸுக்குச் சட்டத்தில் வரம்பு இருக்கிறது. அடிப்படை வாடகையில், அதாவது ஹீட்டர், தண்ணீர், குப்பைச் செலவு சேராத 'கால்ட்மீட்டே'யில், மூன்று மாதத்துக்கு மேல் கேட்க முடியாது. அதையும் மூன்று சம தவணைகளாக மாதம் ஒன்றாகக் கட்ட வாடகைதாரருக்கு உரிமை உண்டு. கையில் பணம் குறைவாக வரும் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி, கேட்டால்தான் கிடைக்கும். பெற்றோரும் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். வேலைக் கடிதத்தில் உள்ள தொகையை ரூபாயில் பெருக்கிப் பார்ப்பதில் அர்த்தமில்லை. மணமாகாதவருக்கு வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு எல்லாம் போக, நல்ல சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிடித்தமாகவே போய்விடும். முதல் மாதமே வீட்டுக்குப் பணம் அனுப்பச் சொல்லி நெருக்காதீர்கள்.

குளிர்காலத்தில் வரும் தொல்லை பூஞ்சை. குழம்பு கொதிக்கும் ஆவி, குளித்த ஈரம், அறைக்குள் காயப் போட்ட துணி எல்லாம் சேர்ந்து, வீட்டிலேயே அதிகம் குளிர்ந்திருக்கும் இடத்தில் நீராகப் படியும். பெரும்பாலும் அது ஜன்னலை ஒட்டிய சுவரும் அலமாரிக்குப் பின்னுள்ள மூலையும்தான். அங்கே கறுப்புப் புள்ளிகள் கிளம்பும். நம்மவர்கள் ஜன்னலின் மேற்பகுதியை மட்டும் சாய்த்து நாள் முழுக்க விட்டுவிடுகிறார்கள். அதனால் காற்று சரியாக மாறாது; ஜன்னலோரச் சுவர்தான் இன்னும் குளிர்ந்து ஈரத்தை இழுக்கும். ஹீட்டரைக் குறைத்துவிட்டு, ஜன்னலை முழுதாகத் திறந்து, ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்து மூட வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று தடவை. சமைத்தவுடன் கட்டாயம் ஒரு தடவை. ஹீட்டர் திருகை 3-ல் வைத்தால் அறை சுமார் 20 டிகிரி இருக்கும். காசு மிச்சம் என்று முழுதாக அணைத்துவிட்டு ஆபீஸ் போனால் சுவர் குளிர்ந்து பூஞ்சைக்கு வழிவிடும். காலி செய்யும்போது, நீங்கள் சரியாகக் காற்று விடவில்லை என்று சொல்லி அட்வான்ஸில் கைவைப்பார்கள்.

முகவரி பதிவான சில வாரங்களில் பொது ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். டி.வி. இல்லாவிட்டாலும் மாதம் 18.36 யூரோ கட்ட வேண்டும். அது ஒரு வீட்டுக்கு ஒரு கட்டணம். மூன்று பேர் சேர்ந்திருந்தால் ஒருவர் கட்டினால் போதும். மற்ற இருவரும் அவருடைய கணக்கு எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுத வேண்டும். மோசடிக் கடிதம் என்று குப்பையில் போட்டவர்களுக்கு குடியேறிய மாதம் முதல் பாக்கி ஏறிக்கொண்டே வரும்.

சென்னை மாக்ஸ் முல்லர் பவனும், ஜெர்மன் சொல்லித்தரும் மற்ற பயிற்சி மையங்களும், ஆளெடுக்கும் நிறுவனங்களும் புறப்படும் முன் ஒரு நாள் ஒதுக்கி இவற்றைச் சொல்லித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பதிவுப் படிவத்தை வகுப்பிலேயே ஒருமுறை நிரப்ப வைத்தால் மிகவும் உதவும். நிறுவனங்கள் முதல் மூன்று மாதத்துக்குப் பதிவுச் சீட்டு தரக்கூடிய தங்குமிடத்தை ஏற்பாடு செய்தால், மேலே சொன்ன தொல்லைகளில் பாதி எழவே எழாது.

வீட்டைக் காலி செய்வதற்கும் விதி உண்டு. மூன்று மாத முன்னறிவிப்பைக் காகிதத்தில், கையெழுத்துடன், முன்னறிவிப்பின் முதல் மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் வீட்டுக்காரர் கையில் சேரும்படி தர வேண்டும். மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் செல்லாது. நான்காம் வேலை நாள் சேர்ந்தால் இன்னொரு மாத வாடகை விழும். நாட்டை விட்டே திரும்புகிறவர்கள் முகவரிப் பதிவையும் நீக்க வேண்டும். கிளம்பும் நாளுக்கு ஒரு வாரம் முன்பிருந்து, கிளம்பிய இரண்டு வாரம் வரை அதற்கு அவகாசம் உண்டு. அந்த நீக்கச் சான்றை அனுப்பினால்தான் ஒலிபரப்புக் கட்டணத்தை நிறுத்த முடியும். சில ஒப்பந்தங்களை முறிக்கவும் அதையே கேட்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெர்லின்