எச் எடுக்கப் போகும் சின்னம்மாவுக்கு

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

கார் லைசென்ஸ் தேர்வில் எச் எடுத்தபோது, அதாவது நட்டுவைத்த கம்பிகளுக்கு நடுவே ஆங்கில எச் எழுத்தின் வடிவில் காரை முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டியபோது, கடைசிக் கம்பியில் வண்டியின் முன்மூலை உரசிவிட்டது என்றும், அன்றிலிருந்து ஸ்டியரிங்கைத் தொடவே மனம் வரவில்லை என்றும் நீங்கள் சொன்னதாக அம்மா சொன்னார்கள். பயமில்லாமல் தேர்வுக்குப் போவது எப்படி என்று என்னிடம் கேட்கச் சொல்லியும் இருக்கிறீர்கள். போனில் அரைகுறையாகப் பேசுவதைவிட எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் நாற்பதைத் தாண்டிய பிறகு கார் பழக முனைந்திருக்கும் பெண்கள் வேறு சிலரும் எனக்குத் தெரிந்தவர்கள் என்பதால் இதைப் பொதுவிலேயே எழுதுகிறேன். உங்களுக்கு அதில் வருத்தம் இராது என்று நம்புகிறேன்.

பயமில்லாமல் தேர்வுக்குப் போனவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஆகவே பயத்தைப் போக்குவதற்கு வழி தேடி நாளைக் கழிக்க வேண்டாம். பயம் ஒரு பக்கம் இருக்க, காலும் கையும் கண்ணும் தத்தம் வேலையைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு அவற்றைப் பழக்கிவிட்டால் போதும். மைதானத்தில் நிதானமாகத் தெரிபவர்களுக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது காலுக்குத் தெரிந்திருப்பதால் அது வெளியே தெரிவதில்லை.

ஒரு தடவை தவறியதைப் பெரிய அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தவறுவார்கள் என்பதை எதிர்பார்த்தே சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, தேறாதவர் 7 நாள் கழித்து மறுபடியும் தேர்வுக்கு வரலாம்; மூன்று தடவையும் தேறாவிட்டால்தான் 60 நாள் காத்திருக்க வேண்டும். லேர்னர்ஸ் லைசென்ஸ் 6 மாதம் செல்லும். உங்கள் கையில் இன்னும் நாள் இருக்கிறது. அந்த நாட்களை எதில் செலவிடுவது என்பதுதான் கேள்வி.

எச் என்பது ஸ்டியரிங்குக்கான தேர்வு என்று பலரும் நினைக்கிறார்கள். என் கணிப்பில் அது கிளட்சுக்கான தேர்வு. கம்பிகளுக்கு நடுவே வண்டி ஆள் நடக்கும் வேகத்தைவிடக் குறைவாக நகருமானால், ஸ்டியரிங்கில் நேரும் சிறு பிழையைத் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். வேகம் கூடிவிட்டால் எவ்வளவு தேர்ந்த கைக்கும் அந்த அவகாசம் கிடைக்காது. சமதளத்தில் முதல் கியரிலோ ரிவர்ஸ் கியரிலோ வண்டியை நகர்த்த ஆக்சிலரேட்டர் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. கிளட்சை மெல்ல விடும்போது ஓரிடத்தில் எஞ்சினின் சத்தம் கொஞ்சம் கம்மும், பானெட் லேசாக நிமிர்ந்தாற்போல் தெரியும். அந்த இடத்தில் காலை நிறுத்திவைக்கத் தெரிந்தால் வண்டி நம் சொல்படி ஊர்ந்து போகும். ஆசான்கள் ஹாஃப் கிளட்ச் என்று ஆயிரம் தடவை சொல்வது இதைத்தான்.

பதற்றம் வந்தால் முதலில் நடுங்குவது இடது கால் என்பதை நீங்களே உணர்ந்திருப்பீர்கள். காலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு கிளட்சை விட்டால் நடுக்கம் முழுவதும் வண்டிக்குப் போய்ச் சேரும், வண்டி துள்ளும், துள்ளலைக் கண்டு நடுக்கம் இன்னும் கூடும். குதிகாலைத் தரைவிரிப்பில் ஊன்றி, கணுக்காலை மட்டும் மடக்கி மிதியை விட்டுப் பாருங்கள். தொடை நடுங்கினாலும் பாதம் நிலையாக நிற்கும். இதற்கு இருக்கையின் தூரம் சரியாக இருக்க வேண்டும். கிளட்சைத் தரைவரை மிதித்த பிறகும் முழங்கால் சற்று மடங்கியே இருக்கும்படி இருக்கையை முன்னே இழுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உயரத்துக்கு ஒரு மெத்தையும் தேவைப்படலாம். அதை எடுத்துச் செல்வதில் கூச்சம் வேண்டாம். உங்களுக்கு முன்னால் ஓட்டியவர் ஆறடி ஆளாக இருந்து, அவர் தள்ளிவைத்துவிட்டுப் போன இருக்கையில் அப்படியே உட்கார்ந்து ஓட்டுவதைவிடப் பெரிய தவறு வேறில்லை.

பழகுவதற்குத் தோப்பைவிட நல்ல மைதானம் இல்லை. நம் பக்கத்தில் தென்னைக்குத் தென்னை ஏறத்தாழ 25 அடி இடைவெளி விட்டு வைப்பது வழக்கம். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு அரை நிமிடம் எடுத்துக்கொண்டு வண்டியை முன்னே நகர்த்துங்கள், பிறகு அதே மெதுவோடு பின்னே கொண்டுவாருங்கள். நடுவில் நிறுத்தி, மறுபடி துள்ளாமல் எடுங்கள். இப்படி ஓட்டினால் கிளட்ச் சூடாகும் என்பதால், கருகிய வாடை வந்தால் உடனே நிறுத்தி ஆறவிட வேண்டும்.

இனி உங்கள் முன்மூலை உரசிய கதைக்கு வருகிறேன். எச் எழுத்தின் ஒரு காலுக்குள் முன்னே சென்று, பின்னோக்கி வந்து நடுவழியாக மறுகாலுக்குள் நுழைந்து, அங்கிருந்தும் அதே போலத் திரும்ப வேண்டியிருக்கிறது. பின்னோக்கிப் போகும்போது ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் வண்டியின் பின்பகுதி இடது பக்கம் போகும். அதே நேரத்தில் முன்பகுதி வலது பக்கமாக அகன்று வீசும். திருப்புவது முன்சக்கரங்கள் என்பதால் இது எந்தக் காரிலும் நடக்கும். பழகுபவரின் கண்ணும் மனமும் பின்கம்பிகளில் ஊன்றியிருப்பதால், பின்னால் எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போது முன்மூலை போய்க் கம்பியைத் தொடும். உங்களுக்கு நடந்ததும் இதுவாகத்தான் இருக்கும். ஆகவே பின்னோக்கித் திருப்பத் தொடங்கியதும், திருப்பத்துக்கு எதிர்ப்பக்கத்து முன்மூலையை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கண்ணைக் கண்ணாடிக்குக் கொண்டுபோகும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். முன்னோக்கித் திரும்பும்போது நிலைமை நேர்மாறானது. உட்பக்கத்துப் பின்சக்கரம் வளைவைக் குறுக்கே வெட்டும் என்பதால் அந்தப் பக்கத்துக் கம்பியைக் கவனித்தால் போதும்.

இந்த இடத்தில் ஓட்டுநர் பள்ளிகளின் ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். "இரண்டாவது கம்பி பின்கண்ணாடியின் மூலையில் தெரிந்தவுடன் முழுசாக ஒடி, மூன்றாவது கம்பி கதவுக்கு நேராக வந்ததும் நேராக்கு" என்று மனப்பாடம் செய்யவைப்பார்கள். அந்த வண்டியில், அந்த மைதானத்தில், அதே உயரத்தில் உட்கார்ந்து ஓட்டும்வரை அது பலிக்கும். தேறுவதற்கு அதைப் பயன்படுத்திக்கொள்வதில் தவறும் இல்லை. ஆனால் தேர்வன்று வேறு வண்டி கொடுத்தாலோ, ஆடி மாதத்துப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் கம்பி சாய்ந்து நின்றாலோ, மனப்பாடத்தில் ஒரு வரி விட்டுப்போகும். விட்டுப்போனதைத் தேடும் அந்த நொடியில்தான் பதற்றம் புகுகிறது. ஆசான் சொன்ன குறிகளை வைத்துக்கொள்ளுங்கள். கூடவே சக்கரம் இப்போது எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதை எந்த நேரமும் சொல்லத் தெரிந்திருங்கள். பெரும்பாலான சிறிய கார்களில் நேர்நிலையிலிருந்து ஒரு பக்கத்து எல்லைவரை ஸ்டியரிங் ஒன்றரை முதல் இரண்டு சுற்றுவரை சுற்றும். ஒடித்த சுற்றுகளை எண்ணிக்கொண்டால், நேராக்கும்போது அதே அளவு திருப்பிவிடலாம்.

சாலைத் தேர்வைப் பற்றி நான் அதிகம் எழுத வேண்டியதில்லை. பால் கேனை வைத்துக்கொண்டு காலை இருட்டில் ஸ்கூட்டரில் சொசைட்டிக்குப் போய்வரும் உங்களுக்குச் சாலையைப் புதிதாகக் கற்பிக்க என்ன இருக்கிறது? நாட்டுக்கல் பக்கம் லாரிகள் எப்படி ஒதுங்கும், எப்படி ஒதுங்காது என்பது எனக்குத் தெரிந்ததைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். விதிகளில் சொல்லப்பட்டிருப்பவற்றில் பாதி நீங்கள் ஏற்கெனவே செய்பவைதான்: இடது ஓரமாகச் செல்வது, திரும்பும் முன் சிக்னல் கொடுப்பது, நடந்து கடப்பவர்களுக்காக நிற்பது. காரில் கூடுதலாகப் பழக வேண்டியவை இரண்டு. ஒன்று கண்ணாடி. கண்ணை மட்டும் அசைத்துக் கண்ணாடியைப் பார்த்தால் பக்கத்தில் இருக்கும் இன்ஸ்பெக்டருக்கு நீங்கள் பார்த்தது தெரியாது. தலையும் சற்றுத் திரும்பட்டும். மற்றொன்று ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பது. வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு நிறுத்தி, கிளட்சை விட்டு எஞ்சினின் சத்தம் கம்மியதும் கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து, அதன் பிறகே பிரேக்கை விட்டால் வண்டி பின்னால் உருளாது.

இன்ஸ்பெக்டர் மலையாளத்தில்தான் சொல்வார். உங்களுக்கு அது ஒரு பொருட்டல்ல என்றாலும், பதற்றத்தில் இடத்தோட்டா வலத்தோட்டா என்பதுகூடக் காதில் ஏறாமல் போகலாம். ஊகித்துத் திருப்பிவிடாமல் "ஒன்னுகூடி பறயாமோ, சார்" என்று கேட்டுவிடுங்கள். கேட்டதற்காக யாரையும் தோற்கடித்ததாக நான் அறிந்ததில்லை.

எஞ்சின் நின்றுபோனால் என்ன செய்வது என்பதுதான் உங்கள் பெரிய கவலை என்று அம்மா சொன்னார்கள். நின்றுபோவது அத்தனை பெரிய குற்றமில்லை. நின்ற பதற்றத்தில் கியரோடு சாவியைத் திருப்பி வண்டியைக் குதிக்கவிடுவதுதான் ஆபத்து. பிரேக், கிளட்ச், நியூட்ரல், சாவி, முதல் கியர், கண்ணாடி, பிறகு நகர்வது என்ற வரிசையை வாய்க்குள் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். பயிற்சியின்போது வேண்டுமென்றே எஞ்சினை நிறுத்தி, இந்த வரிசையைத் திரும்பத் திரும்பச் செய்து பாருங்கள். தோப்பில் பல தடவை நின்ற வண்டி மைதானத்தில் ஒரு தடவை நின்றால் அதிர்ச்சியாக இராது.

தேர்வு நாளன்று வெறும் வயிற்றோடு போக வேண்டாம். இரண்டு இட்லி போதும், இரண்டாவது காபி வேண்டாம். ரப்பர் செருப்பு மிதியில் வழுக்கும் என்பதால் பின்வார் வைத்த செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். சேலைதான் என்றால் கொசுவம் காலில் சிக்காதபடி கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கட்டும். படிக்கும் வெள்ளெழுத்துக் கண்ணாடியை வண்டிக்குள் ஏறும்போது கழற்றிவிட வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு தூரத்துக் கம்பியைப் பார்த்தால் மங்கலாகத் தெரியும். லேர்னர்ஸ் லைசென்ஸின் அசலையும் தேர்வு நேரத்துக்கான அச்சுப்பிரதியையும் முந்தின இரவே பையில் வைத்துவிடுங்கள். பதற்றத்துக்கென்று யாராவது மாத்திரை கொடுத்தால் வாங்காதீர்கள். கவனமும் கையின் வேகமும் அதனால் மந்தமாகும்.

அங்கே காத்திருக்கும் நேரம்தான் தேர்வைவிடக் கடினமானது. முந்தின வாரம் யார் எந்தக் கம்பியில் மாட்டினார், எந்த இன்ஸ்பெக்டர் எவ்வளவு கண்டிப்பு என்ற பேச்சுத்தான் மர நிழலெங்கும் நடக்கும். அதில் காதைக் கொடுக்காமல் கொஞ்சம் தள்ளிப் போய் நில்லுங்கள். உங்கள் பெயரைக் கூப்பிடும் சமயத்தில் மூச்சை இழுக்கும் நேரத்தைவிட வெளியே விடும் நேரம் நீளுமாறு நாலைந்து தடவை மூச்சு விடுங்கள். இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும். வண்டியில் ஏறியதும் இருக்கை, கண்ணாடி, பெல்ட், நியூட்ரல் என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். அதற்கு எடுத்துக்கொள்ளும் அரை நிமிடத்தை யாரும் தாமதமாகக் கருதமாட்டார்கள். படபடப்பு அடங்குவதற்கும் அந்த நேரம் உதவும்.

தேர்வு முறையை மாற்றிவிட்டார்களாமே என்றும் கேட்டிருந்தீர்கள். 2024இல் கேரளப் போக்குவரத்து அமைச்சராக இருந்த கே.பி. கணேஷ்குமாரின் காலத்தில் மாற்றங்கள் அறிவிக்கப்பட்டு, ஒரு நாளில் நடத்தும் தேர்வுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கப்பட்டு, மே மாதத்தில் ஓட்டுநர் பள்ளிகள் தேர்வுகளைப் புறக்கணித்ததெல்லாம் நாம் அறிந்ததே. சாய்வாக நிறுத்துவது, இரு வண்டிகளுக்கு நடுவே ஓரமாக நிறுத்துவது, ஏற்றத்தில் எடுப்பது ஆகியவையெல்லாம் அப்போது பேசப்பட்டன. உங்கள் தேர்வு நாளில் எது நடைமுறையில் இருக்கும் என்பதை ஆசானிடம் முந்தின வாரம் கேட்டுக்கொள்ளுங்கள். எதைக் கேட்டாலும் செய்ய வேண்டியது மெதுவாக நகர்த்துவதும் மூலைகளைப் பார்ப்பதும்தான் என்பதால் தோப்புப் பயிற்சி வீண்போகாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன். வண்டியின் முன்னும் பின்னும் ஒட்டுவதற்கு எல் அட்டை வேண்டும். வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எழுத்து, அட்டை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக்கூடாது என்பது விதி. தம்பியிடம் சொல்லி அச்சடித்து வையுங்கள். லைசென்ஸ் உள்ளவள் என்பதால் பக்கத்து இருக்கையில் நான் உட்கார்ந்துகொள்வேன். தோப்பில் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு வாய்க்கால் பாலத்துக்குப் போகலாம். சித்தப்பாவைப் பின்சீட்டில் ஏற்ற வேண்டாம். அவர் அங்கிருந்தே பிரேக் போடுவார்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்