திம்பம் ஏறும் முன் அந்த விளக்கைப் பார்த்துவிடு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. மகனுக்கு மைசூரில் இடம் கிடைத்த செய்தியைப் படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அவன் பொடியனாகத் தறிக்குடோனில் ஓடித் திரிந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது, அதற்குள் ஹாஸ்டலுக்குப் போகிறான். இங்கே அம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. தெருமுனையில் யார் வருகிறார்கள் என்று இப்போது எங்களுக்கு முன்னால் அவரே சொல்லிவிடுகிறார். உன்னை மறக்காமல் விசாரித்தார்.

சரி, வண்டி விஷயத்துக்கு வருகிறேன். உன் ஸ்கோடா ரேபிட் காரில் கூலன்ட் (இஞ்சினைக் குளிரவைக்கும் திரவம்) குறைவு என்று காட்டும் விளக்கு சிவப்பாக மின்னியது, மெக்கானிக் பையன் கூலன்ட் டேங்குக்கு அடியில் இருந்த இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கிவிட்டான், விளக்கு அணைந்தது, பிரச்சினை தீர்ந்தது என்று நீ போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். எனக்கு அது பெரிய உறுத்தலாக இருக்கிறது. மகனை மைசூரில் விட நாலு பேரையும் பெட்டி படுக்கையையும் ஏற்றிக்கொண்டு, ஏசியும் போட்டு, வழியில் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவையும் இரண்டாவது கியரில் ஏறப் போகிறாய். கூலன்ட் இருக்கிறதா என்று வண்டி வாய் திறந்து சொல்ல வேண்டிய இடமே அதுதான்.

அந்த ஒயர் என்ன வேலை செய்கிறது என்று சொல்கிறேன். ரேபிட், போலோ மாதிரி வண்டிகளில் கூலன்ட் டேங்குக்குள் மிதவை எதுவும் கிடையாது. டேங்கின் அடிப்பக்கத்தில் இரண்டு உலோகப் பின்கள் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். கூலன்ட்டில் மின்சாரம் கொஞ்சம் பாயும். இரண்டு பின்னும் கூலன்ட்டில் முழுகியிருந்தால் சர்க்யூட் முழுமையாகிறது, விளக்கு அணைந்திருக்கும். மட்டம் இறங்கி அந்தப் பின்கள் வெளியே தெரிந்தால் சர்க்யூட் அறுகிறது, விளக்கு மின்னும், பீப் சத்தமும் வரும். ஆக, ஒயர் அறுந்தாலும், கனெக்டர் கழன்றாலும், பின்களில் படிவு ஏறினாலும் டாஷ்போர்டு மீட்டருக்கு எல்லாம் ஒன்றுதான்: கூலன்ட் குறைவு என்றே காட்டும். இது நல்ல ஏற்பாடு. கோளாறு என்று வந்தால் எச்சரிக்கை பக்கமே சாயும். ஒயரை முறுக்கிவிட்டதில் அது தலைகீழாகிவிட்டது. இனி டேங்க் காலியாக இருந்தாலும் விளக்கு எரியாது.

'டெம்பரேச்சர் முள் இருக்கிறதே, சூடானால் அது காட்டாதா?' என்று கேட்பாய். வெப்பத்தை அளக்கிற சென்சார் தண்ணீரில் முழுகியிருந்தால்தான் சரியாக அளக்கும். கூலன்ட் வெளியேறி அந்த இடத்தில் காற்றும் ஆவியும் நின்றுவிட்டால், இஞ்சின் ஹெட் (சிலிண்டர்களுக்கு மேல் மூடியாக இருக்கும் பாகம்) வெந்துகொண்டிருக்கும்போதுகூட முள் நடுவிலேயே நிற்கலாம். போதாததற்கு இந்த வண்டிகளில் முள்ளை 90 டிகிரியிலேயே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். உள்ளே வெப்பம் ஓரளவு ஏறி இறங்கினாலும் அது அசையாது. முள் எழும்பி நீ பார்ப்பதற்குள் அலுமினிய ஹெட் வளைந்து, அதற்கு அடியில் கசிவை அடைக்கும் கேஸ்கெட் போயிருக்கும். அதனால்தான் அந்த இரண்டு பின்னையும் நான் முள்ளைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

நாளைக் காலையில், வண்டியை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால், இஞ்சின் ஆறியிருக்கும்போது பானெட்டைத் திற. முதலில் மட்டத்தைப் பார். டேங்க் மேல் இருக்கும் MIN, MAX கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். குறைந்திருந்தால் விளக்கு பொய் சொல்லவில்லை, கூலன்ட் எங்கேயோ போகிறது. மூடிய சுற்றில் ஓடுகிற கூலன்ட் தானாகத் தீராது. வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் ஹவுசிங், ஹோஸ் கிளிப், ரேடியேட்டர் ஓரம் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார். கசிந்து காய்ந்த இடத்தில் இளஞ்சிவப்புப் பொருக்குப் படிந்திருக்கும். முன்சீட்டுக்குக் கீழே கார்ப்பெட் ஈரமாக, இனிப்பு வாசனையோடு இருந்தால் ஹீட்டர் கோரில் (வண்டிக்குள் சூடு தரும் சின்ன ரேடியேட்டர்) கசிவு. எதுவும் தெரியாவிட்டால் டேங்க் வாயில் கைப்பம்பு மாட்டி பிரஷர் டெஸ்ட் பண்ணச் சொல், காட்டிக்கொடுத்துவிடும்.

மட்டம் சரியாக இருந்தால்தான் சென்சார், ஒயர் பக்கம் போக வேண்டும். பையன் முறுக்கியதைப் பிரித்து ஒயரைப் பழையபடி சேர்த்துவிட்டு, கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பார். உள்ளே பச்சையாகப் பூத்திருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். இந்த சர்க்யூட்டில் ஓடுகிற கரண்ட் மிக மிகக் கொஞ்சம். இதே அளவு பச்சைப் படிவு ஹெட்லைட் கனெக்டரில் இருந்தால் லைட் பாட்டுக்கு எரியும். இங்கே மெல்லிய படலமே தடையாகிவிடும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, சின்ன பிரஷால் தேய்த்து, காயவைத்து மாட்டு.

அப்புறமும் விளக்கு மின்னினால், பையன் செய்ததையே நீ சோதனைக்காகச் செய்யலாம். கனெக்டரைக் கழற்றி, இரண்டு முனையையும் மெல்லிய ஒயரால் இணைத்து, இக்னிஷனை அணைத்துத் திரும்பப் போடு. விளக்கு போய்விட்டால் ஒயரும் மீட்டரும் நல்லபடியாக இருக்கின்றன, கோளாறு டேங்கில் இருக்கும் பின்களில். உன் விஷயத்தில் விளக்கு அணைந்ததே, அதனால் எனக்கு டேங்க் மேல்தான் சந்தேகம். வழியில் ஒருமுறை போர்த் தண்ணீர் ஊற்றினேன் என்று எழுதியிருந்தாய். பல்லடத்துப் போர்த் தண்ணீரைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சுடுதண்ணீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஏடு கட்டுமே, அதேதான் அந்தப் பின்கள் மேலும் கட்டியிருக்கும். டேங்கைக் கழற்றி எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்தால் ஓரளவு போகும். ஆனால் அந்தப் பின்கள் டேங்கோடு சேர்ந்தே வருகின்றன, பழைய டேங்க் பிளாஸ்டிக் மஞ்சளாகி விரிசல் விடும் வயதிலும் இருக்கிறது. புது டேங்கே போட்டுவிடு, அப்படியே மூடியும். அழுத்தம் தாங்குகிற மூடி சரியாக இல்லாவிட்டால் கூலன்ட் சீக்கிரமே கொதிக்கும்.

இணைத்தும் விளக்கு அணையாமல் இருந்தால் மட்டும் ஒயரைத் தேடு. கனெக்டரில் ஒரு ஒயர் பழுப்பு நிறமாக இருக்கும், பெரும்பாலும் அது எர்த். அதிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை மல்டிமீட்டர் வைத்துப் பார், ஒரு ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். இன்னொன்று மீட்டர் போர்டுக்குப் போகிறது. மல்டிமீட்டரை வைத்தபடியே ஒயரைக் கையால் அங்கங்கே ஆட்டிப் பார்க்கச் சொல். பேட்டரி தட்டு ஓரமும் ஹெட்லைட்டுக்குப் பின்புறமும் எலி கடிக்கும் இடங்கள். மல்டிமீட்டரின் தடித்த முனையைக் கனெக்டர் ஓட்டைக்குள் திணிக்க விடாதே, உள்ளே இருக்கும் தகடு விரிந்து நல்ல கனெக்டரும் லூஸ் ஆகிவிடும். ஒயரை ஊசியால் குத்திச் சோதிப்பதும் வேண்டாம், அந்தப் பொத்தல் வழியாக ஈரம் புகுந்து செம்பு கறுத்துவிடும். முறுக்கி வெட்டிய முனைகளுக்கு கிரிம்ப் (நசுக்கி இணைக்கும் உலோகக் குழல்) போட்டு, உள்ளே பசை உள்ள, சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் மாட்டச் சொல். இன்சுலேஷன் டேப் இஞ்சின் சூட்டில் இளகி உரிந்துவிடும்.

கூலன்ட்டை முழுசாகக் கழுவி மாற்று. கம்பெனி சொன்ன ரகத்தையே வாங்கு, டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி. பழைய பச்சைக் கூலன்ட்டை இதோடு கலக்க வேண்டாம். நம் ஊரில் உறைபனி ஏது என்று வெறும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் அந்தக் கூலன்ட்தானே.

உன் மச்சான் வண்டியிலும் இதே விளக்கு வருகிறது என்றாயே. அதில் மிதவை வகை சென்சார் இருந்தால் கதை வேறு. மிதவைக்குள் காந்தம், பக்கத்தில் கண்ணாடிக் குழாய்க்குள், காந்தம் அருகே வந்தால் மாறுகிற ரீட் சுவிட்ச். மல்டிமீட்டரை இரண்டு முனையிலும் வைத்துவிட்டு ஒரு காந்தத்தை வெளியே மேலும் கீழும் நகர்த்தினால் சுவிட்ச் மாறுகிறதா என்று தெரியும். மாறினால் சுவிட்ச் நல்லது, மிதவைதான் கசடில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

புறப்படும் நாளில் பண்ணாரியில் கோயிலுக்கு எப்படியும் நிறுத்துவாய். அங்கேயே பானெட்டைத் திறந்து டேங்க் மட்டத்தை வெளியிலிருந்து பார்த்துவிடு, மூடியைத் தொடாதே. அதற்கு மேலே புலிகள் காப்பகம், யானை நடமாட்டம் உள்ள ரோடு, நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்க முடியாது. மலையில் விளக்கு வந்தே தீர்ந்தால் ஏசியை அணைத்து, பாதுகாப்பான இடம் கிடைத்ததும் ஓரங்கட்டி இஞ்சினை நிறுத்து. ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கை தாங்கும் அளவுக்கு ஆறிய பிறகே, தடித்த துணி போட்டு, மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பு. கலந்த கூலன்ட் 2 லிட்டர் டிக்கியில் இருக்கட்டும்.

கனெக்டரைக் கழற்றியதும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். டேங்க் பல்லடத்தில் கிடைக்காவிட்டால் சொல், சேலத்தில் வாங்கி பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். தங்கச்சியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
செல்வம்