வெயில் படும் தட்டில் ஆணுறை: வன்னியின் பாமசிக்காரருக்கு ஒரு திறந்த மடல்

மாங்குளம், மல்லாவி, பரந்தன், புதுக்குடியிருப்பு, நெடுங்கேணி என்று ஏ9 வீதியிலும் அதன் கிளை வீதிகளிலும் பாமசி வைத்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

வணக்கம். நான் வன்னியில் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வுபெற்றவள். சனத்துக்கு நான் மிட்வைஃப் அம்மா. குளக்கட்டு வழியாக வீடு வீடாகப் போய்க் குழந்தைகளை நிறுத்து, கர்ப்பிணிகளைப் பார்த்து, கேட்டவர்களுக்கு ஆணுறையும் கொடுத்து வந்தேன்.

"ஆணுறையை நம்பலாமா அம்மா?" என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் பிழை நடந்த பிறகுதான் கேட்பார்கள். மூன்று பிள்ளைகளின் தாய் ஒருத்தி, நான்காவது தங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் தந்ததைத்தானே பாவித்தோம்" என்று அழுதாள். விசாரித்துப் பார்த்தால், புருஷன் அதை மோட்டார் சைக்கிள் சீட்டுக்குக் கீழே ஸ்பானர்களோடு மாதக்கணக்காக வைத்திருக்கிறார். ஓரறை வீடு, பிள்ளைகள் கண்டுவிடும் என்ற பயம், வேறு எங்கே வைப்பார்? போதாததற்குத் தேங்காயெண்ணெயும் பூசியிருக்கிறார்கள். எங்கே வைக்க வேண்டும், எதைப் பூசக்கூடாது என்று அவளுக்கு நான் சொல்லிக் கொடுக்கவில்லை. கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். அது இன்றுவரை என்னை உறுத்துகிறது.

அமெரிக்காவில் எடுத்த கணக்கு ஒன்று இருக்கிறது. எந்தத் தடுப்பும் இல்லாமல் ஒரு வருடம் சேர்ந்து வாழும் 100 தம்பதிகளில் ஏறத்தாழ 85 பேருக்குக் கர்ப்பம் தங்கும். ஒவ்வொரு முறையும், தொடக்கத்திலிருந்து முடிவுவரை, சரியாக ஆணுறை பாவித்தால் அது 2 பேராகக் குறைந்துவிடும். ஆனால் சனம் வழமையாகப் பாவிக்கிற மாதிரி, சில நாள் மறந்து, சில நாள் பாதியில் போட்டுப் பாவித்தால் 13. இந்த 2க்கும் 13க்கும் நடுவில் நிற்கிற 11 குடும்பங்களைப் பற்றித்தான் உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

தொழிற்சாலையை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு இருக்க முடியாது. நல்ல தரமான ஆணுறை ஒவ்வொன்றும் ஓட்டை இருக்கிறதா என்று மின்சாரத்தால் சோதிக்கப்பட்டுத்தான் வெளியே வருகிறது. ஒவ்வொரு தொகுதியிலும் சிலவற்றை எடுத்துத் தண்ணீர் நிரப்பியும், வெடிக்கும்வரை காற்று ஊதியும் பார்ப்பார்கள். பிழை பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வருகிறது.

ஆணுறை இறப்பர் பாலில் செய்தது. வெயிலும் எண்ணெயும் இறப்பருக்கு ஆகாது. வெயிலில் கிடந்த சைக்கிள் ரியூப் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். 30 பாகைக்குக் குறைவான இடத்தில் வையுங்கள் என்று பல பெட்டிகளில் அச்சிட்டே இருக்கிறது. சோளகக் காலத்து மத்தியானத்தில் எங்கள் தகரக் கூரைகளுக்குக் கீழே மனிசரே நிற்க முடியாது. ஆனால் நான் அடிக்கடி போகும் பாமசி ஒன்றில், பின்னேர வெயில் நேரே விழுகிற கண்ணாடி அலுமாரியின் கடைசித் தட்டில்தான் அந்தப் பெட்டிகள் நிறம் வெளிறிக் கிடக்கின்றன. இன்சுலினுக்குக் குளிர்சாதனப் பெட்டி வைத்துக் காக்கிறீர்கள். இதற்கு அதுகூட வேண்டாம், நிழல் போதும்.

அப்புறம், விற்கிற விதம். கடையில் ஆள் குறையும்வரை ஒரு பொடியன் வாசலில் நின்று நின்று உள்ளே வருவான். நீங்கள் அவன் முகத்தைப் பார்க்காமல், பழைய பேப்பரில் சுற்றி, களவுப் பொருள் மாதிரி நீட்டுவீர்கள். பெண்பிள்ளை வந்தால் "கலியாணம் முடித்தாச்சா?" என்ற கேள்வி. மிட்வைஃபின் பதிவேட்டில் பெரும்பாலும் குடும்பங்களின் பெயர்கள்தான். கலியாணம் ஆகாத பிள்ளைகள் எங்களைத் தேடி வருவதில்லை, உங்களிடம்தான் வருகிறார்கள். நீங்கள் திருப்பி அனுப்பினால் அவர்கள் உறவை நிறுத்தப்போவதில்லை, உறையில்லாமல் போவார்கள். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவைப்படி, தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்காக அன்றி இலங்கையில் கருவைக் கலைக்க முடியாது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் எந்தக் கதவைத் தட்டுகிறார்கள் என்று நீங்களும் அறிவீர்கள். போய்விட்டு உயிரோடு திரும்பாத ஒருத்தியை நான் அறிவேன்.

பேப்பரில் சுற்றுகிற அந்த அரை நிமிடத்தில் நாலு வார்த்தை சொல்லுங்கள். திகதியைப் பார். பல்லால் கிழிக்காதே. நுனியைப் பிடித்துக் காற்றை வெளியேற்றிவிட்டுப் போடு. முடிந்ததும் உறுப்பு தளர முன்னமே, அடி வளையத்தைப் பிடித்தபடி வெளியே எடு. ஒன்றுக்கு மேல் ஒன்று போடாதே, உரசிக் கிழியும். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், வாசலின் எதுவும் வேண்டாம், தண்ணீரில் கரையும் ஜெல்லி மட்டும் பூசு. இவ்வளவுதான்.

நோய்த் தொற்றைப் பற்றிக் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கிழியாத இறப்பர் உறைக்குள்ளால் எச்.ஐ.வி. கிருமி போகாது. ஒருவருக்குத் தொற்று உள்ள தம்பதிகளை வைத்துப் பார்த்த ஆய்வுகளில், எப்போதும் ஆணுறை பாவித்தவர்களிடையே தொற்று ஏறத்தாழ 80 வீதம் குறைந்திருந்தது. கொனோரியா, கிளமீடியாவுக்கும் நல்ல காப்பு. சிபிலிஸ், ஹெர்பீஸ், கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. கிருமி ஆகியவற்றுக்குக் காப்பு குறைவு, ஏனென்றால் உறை மூடாத தோலிலும் கிருமி இருக்கலாம். (எச்.பி.வி.க்கு 2017இலிருந்து தரம் 6 சிறுமிகளுக்குப் பாடசாலையில் தடுப்பூசி போடுகிறார்கள். வேண்டாம் என்கிற பெற்றோரைக் கண்டால் அவர்களுக்கும் ஒரு சொல் சொல்லுங்கள்.)

உறை கிழிந்துவிட்டது என்று ஒருவர் ஓடி வந்தால், அவசர கருத்தடை மாத்திரை உங்கள் கடையிலேயே இருக்கும். 72 மணித்தியாலத்துக்குள் எடுக்க வேண்டும், எவ்வளவு முந்தி எடுக்கிறாரோ அவ்வளவு நல்லது. அது கருக்கலைப்பு மாத்திரை இல்லை, முட்டை வெளிவருவதைப் பிந்தச் செய்வது. கொடுப்பது பாவம் என்று நினைத்து ஒளித்து வைக்காதீர்கள். எச்.ஐ.வி. பயம் இருந்தால் அதே 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்கும் மருந்தும் உண்டு. மாவட்ட வைத்தியசாலையின் பாலியல் நோய்ச் சிகிச்சைப் பிரிவுக்கு உடனே அனுப்புங்கள்.

இந்தக் கிழமை கடையைப் பூட்டுமுன் அந்தத் தட்டைப் பாருங்கள். திகதி முடிந்தவற்றை எறிந்துவிட்டு, மற்றவற்றை வெயில் படாத இடத்துக்கு மாற்றுங்கள். வேலைக்கு நிற்கிற பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வெட்கமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். உறையைப் போட்டுக் காட்டக் கிளினிக்கில் பாவித்த, மரத்தால் செய்த ஆணுறுப்பு மாதிரி ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. ஞாயிறு பின்னேரம் பஸ் பிடித்து வந்துவிடுவேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர்,
வன்னி